மூடிக் கிடக்கும் ஆலைகளும் நடுத்தரக் குடும்பங்களும்: பழைய தொழில் நகரங்களுக்கெனத் தனிக் கொள்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜனவரியில் சென்னையில் நடைபெற்ற உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 இலட்சம் கோடி ரூபாய்க்கான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்றும், அவற்றின் மூலம் நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. மாநிலத்துக்கு முதலீடு வருவதை வரவேற்காதவர் எவரும் இருக்க முடியாது. ஆனால் இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் புதிய நிலத்தில் எழும் புதிய தொழிற்பூங்காக்களைப் பற்றியவையாகவே இருக்கின்றன. நூறாண்டுகளுக்கு மேலாகத் தொழிலால் வாழ்ந்த ஊர்களில், சுற்றுச்சுவருக்குள் சங்கு ஒலியற்றுக் கிடக்கும் ஆலைகளையும், அவற்றை நம்பி வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களையும் என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு நம் மாநிலத்தில் எழுதப்பட்ட கொள்கை ஏதும் இல்லை. கோவையின் கிழக்குப் பகுதியில் நீண்டகாலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அப்படியொரு கொள்கை ஏன் வேண்டும், அதில் என்ன இருக்கவேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கோவையின் முதல் நூற்பாலை 1888இல் ஸ்டேன்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியும், 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரமும் சேர்ந்து, அடுத்த சில ஆண்டுகளில் அவிநாசி சாலை, திருச்சி சாலை, மேட்டுப்பாளையம் சாலை எங்கும் ஆலைகளை எழுப்பின. ஆலை இயந்திரங்கள் பழுதானால் உதிரிபாகத்துக்கு இங்கிலாந்தை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது என்பதால் அருகிலேயே லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் தோன்றின. கிணற்றுப் பாசனத்துக்கு மின்சாரம் கிடைத்ததும் அதே பட்டறைகள் மோட்டார் பம்பு செய்யத் தொடங்கின. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கியது இந்தச் சூழலில்தான். வெட்கிரைண்டர், ஜவுளி இயந்திரம், வால்வு, கியர் என்று பின்னால் வந்த தொழில்கள் எல்லாம் ஆலையின் பக்கத்திலேயே, ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகளைக் கொண்டே வளர்ந்தன. ஒரு தொழிலின் கைத்திறன் இன்னொரு தொழிலுக்குக் கைமாறுவதற்கு இரண்டும் நடந்துபோகும் தொலைவில் இருந்தது முக்கியமான காரணம். கொள்கை வகுப்போர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் இன்று நாம் இழந்துகொண்டிருப்பது இந்த அருகாமையைத்தான்.

ஆலை வேலை சுகமான வேலையாக இருந்ததில்லை. பஞ்சுத் தூசியால் வந்த இருமலோடு இறந்துபோன முதியவர்கள் பலரை நான் அறிவேன். சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டதையும் இந்த ஊர் மறந்துவிடவில்லை. அத்தனைப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது நிரந்தர வேலை. மாதச் சம்பளம், தீபாவளி போனஸ், வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. மருத்துவம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியை, அவர் வாழ்நாளிலேயே, சொந்த வீடும் படித்த பிள்ளைகளும் உடைய நடுத்தரக் குடும்பத் தலைவர் ஆக்கின. வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்காத காலத்தில், அடுத்த ஆண்டும் சம்பளம் வரும் என்ற நிச்சயம் ஒன்றே அவருக்கு இருந்த பெரிய சொத்து.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்றொரு கட்டம் உண்டு. நான் பணியில் சேர்ந்த காலத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'மில் தொழிலாளி' என்றே எழுதியிருக்கிறேன். 1990களில் அது 'பதிலி', அதாவது நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் வேலை பெறும் மாற்று ஆள், ஆகியது. பிறகு 'கூலி' என்றும் 'லேத் வேலை' என்றும் ஆகியது. ஓய்வுபெறும் காலத்தில் 'காவலாளி', 'ஓட்டுநர்' என்று எழுதினேன். வேலை இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் வேலையோடு சேர்ந்து வந்த அந்த நான்கும் இல்லாமல் போயின.

இதற்கான காரணங்கள் எல்லோரும் அறிந்தவையே என்பதால் விரித்துரைக்கவில்லை. பழைய இயந்திரங்கள், பஞ்சு விலையின் ஏற்ற இறக்கம், மின்வெட்டு ஆகியவற்றோடு, நிரந்தரத் தொழிலாளருக்குப் பதிலாகக் கிராமப்புறங்களில் விடுதி கட்டி இளம்பெண்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்திய புதிய ஆலைகளின் போட்டியும் சேர்ந்துகொண்டது. நகரத்து ஆலைகளில் நலிவுற்ற பலவற்றை 1974ஆம் ஆண்டின் தேசியமயச் சட்டத்தின் வழியே ஒன்றிய அரசு நிறுவனமான தேசிய பஞ்சாலைக் கழகம் ஏற்றது. ஒண்டிப்புதூர் கம்போடியா மில், பீளமேடு ரங்கவிலாஸ் மில், மேட்டுப்பாளையம் சாலை முருகன் மில், பங்கஜா மில், ஸ்டேன்ஸ் தொடங்கிய அந்த முதல் மில் ஆகிய ஐந்தும், காளையார்கோவிலிலும் கமுதக்குடியிலும் உள்ள இரண்டும் ஆக ஏழு ஆலைகள் தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நிறுத்தப்பட்ட அவை அதன்பின் முறையாக இயக்கப்படவே இல்லை. தொழிலாளர்களுக்குத் தொடக்கத்தில் பாதிச் சம்பளம் வழங்கப்பட்டது. பின்னர் அதற்கும் போராட வேண்டியதாயிற்று. மூடிவிட்டோம் என்றும் சொல்லாமல், திறக்கப்போகிறோம் என்றும் சொல்லாமல் நடுத்தர வயதினரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்திருப்பது, வேலைநீக்கத்தைவிடக் கொடியது என்பது என் கருத்து. வேலைநீக்கம் செய்யப்பட்டவர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு வேறு வழியைத் தேடிக்கொள்ளவாவது முடியும்.

இந்த ஆலைகள் ஒன்றிய அரசுக்குச் சொந்தமானவை, நாம் என்ன செய்ய முடியும் என்று மாநில அரசு சார்பில் கேட்கப்படலாம். ஆலையைத் திறப்பது மாநிலத்தின் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த நிலம் இனி எதற்குப் பயன்படும் என்பதில் மாநிலத்துக்கு வலிமையான அதிகாரம் இருக்கிறது. நகரத்தின் முழுமைத் திட்டத்தில் தொழிற்பகுதி என்று குறிக்கப்பட்ட நிலத்தைக் குடியிருப்பாகவோ வணிகப் பகுதியாகவோ மாற்ற வேண்டுமானால், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி மாநில அரசின் அனுமதி வேண்டும். அந்த ஓர் அனுமதியில்தான் நிலத்தின் விலை பலமடங்கு உயர்கிறது. உழைப்பால் ஈட்டப்படாமல், அரசின் ஒரு கையெழுத்தால் உண்டாகும் அந்த உயர்வில் ஊருக்கும் தொழிலாளருக்கும் பங்கு கேட்பது எந்த வகையிலும் தவறாகாது. இதுவரை தனியார் ஆலைகள் மூடப்பட்ட இடங்களில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தபோது, திறந்தவெளி ஒதுக்கீடு போன்ற பொதுவான விதிகளுக்கு அப்பால், ஆலை நிலம் என்பதற்காகத் தனியாக எதையும் நாம் கேட்டதில்லை. சென்னை பெரம்பூரில் பின்னி ஆலை மூடப்பட்ட பிறகு நடந்ததும் இதுதான். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த அந்த மண்ணில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

மும்பையின் அனுபவத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நமக்கு முன்னால் இதே கேள்வியைச் சந்தித்த நகரம் அது. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, கிரண்காவ் என்று அழைக்கப்பட்ட ஆலைப் பகுதி மீளவேயில்லை. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம் கிடந்தது. மகாராஷ்டிர அரசு 1991இல் கொண்டுவந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தை மாற்றிப் பயன்படுத்த விரும்புவோர் மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சியிடம் திறந்தவெளிக்காகவும், இன்னொரு பங்கை வீட்டுவசதி வாரியத்திடம் வீடுகளுக்காகவும் ஒப்படைத்துவிட்டு, எஞ்சியதைத் தாம் வைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தது. நியாயமான விதி. ஆனால் 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் ஏதுமில்லாத வெற்றிடத்துக்கு மட்டுமே இந்தப் பங்கீடு என்று ஆக்கினார்கள். ஆலை வளாகங்களில் பெரும்பகுதியைக் கட்டடங்களே அடைத்திருந்ததால் ஊருக்கு வரவேண்டிய பங்கு மிகச் சிறுத்துப்போயிற்று. வழக்குத் தொடுக்கப்பட்டு, 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஒரு விதியின் ஒரு சொல் மாறியதால் ஒரு தலைமுறையின் வீடு போன கதை இது. நாம் விதி எழுதும்போது, ஆலையின் மொத்த நிலப்பரப்பின் மீதே பங்கு கணக்கிடப்படும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிட வேண்டும்.

அப்படிக் கிடைக்கும் நிலத்தில் என்ன செய்வது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. கோவையின் குறுந்தொழில் பட்டறைகள் பெரும்பாலும் வாடகைக் கட்டடங்களில், குடியிருப்புகளுக்கு நடுவே, மூன்று நான்கு இயந்திரங்களோடு ஜாப் ஆர்டர் செய்து நடப்பவை. பெரிய நிறுவனங்கள் தரும் வரைபடத்தைப் பார்த்து நுணுக்கமான பாகங்களைக் கடைந்து தரும் திறன் அவர்களுடையது. வீட்டுமனை விலை ஏறஏற, வாடகை தாங்காமலும், இரைச்சல் பற்றிய அண்டை வீட்டாரின் புகார்களாலும் அவர்கள் நகரை விட்டு வெளியேறுகிறார்கள். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணம் அவர்களைப் பெரிதும் வாட்டியது; போராட்டங்களுக்குப் பின் சில தளர்வுகள் கிடைத்தாலும் சுமை நீங்கவில்லை. மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சி நிறுவனமான சிட்கோ கிண்டியிலும் அம்பத்தூரிலும் அடுக்குமாடித் தொழிற்கூடங்களைக் கட்டியிருக்கிறது. அதே முறையில், கனமான இயந்திரங்களைத் தாங்கும் தரைத்தளத்தோடும், சரக்கு மின்தூக்கியோடும், பாகங்களை அளந்து சரிபார்க்கும் பொதுவான அளவைக்கூடத்தோடும் பழைய ஆலை வளாகங்களில் தொழிற்கூடங்களைக் கட்டி, நீண்டகாலக் குறைந்த வாடகைக்குத் தரலாம். உறுதியான பழைய ஆலைக் கூடங்களை இடிக்கவே வேண்டியதில்லை.

இரண்டாவது தேவை, குடும்பங்களுக்கான வாடகை வீடு. ஆலைக் காலத்தின் லைன் வீடுகள் வசதியானவையாக இருக்கவில்லை. ஆனால் வேலைக்கு நடந்து போகலாம், வாடகை கட்டுப்படியாகும். இன்று பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தம் மனைவி மக்களோடு சிங்காநல்லூரிலோ பீளமேட்டிலோ சம்பளத்தின் பாதியை வாடகைக்குக் கொடுக்காமல் குடியிருப்பது அரிது. சிங்காநல்லூரில் வீட்டுவசதி வாரியம் கட்டிய ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கொண்ட குடியிருப்பு சிதிலமடைந்து, மறுகட்டுமானத்துக்காக மக்கள் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்ததை இப்பகுதியினர் அறிவர். அரசு மனம் வைத்தால் முடியாதது இல்லை என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில், கைப்பேசித் தொழிற்சாலையில் பணிபுரியும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பாராட்டத்தக்க பணி. ஆனால் அது ஒற்றையாய் வந்து தங்கிப் போவோருக்கான விடுதி. பழைய தொழில் நகரங்களில் வேண்டியிருப்பது, பிள்ளைகளை ஒரே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைக்க ஒரு குடும்பத்துக்கு உதவும் வீடு. வாடகை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே, அதுவும் வரையறுத்த விகிதத்தில் உயரும் என்ற உறுதியோடு அது அமைய வேண்டும்.

நடுத்தரக் குடும்பங்களுக்கான உதவி என்று வரும்போது, நம்முடைய திட்டங்களின் வரம்புகள் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்வதைச் சுட்டிக்காட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவத்துக்கான சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மிகக் கூடாது என்று விதித்தார்கள். அதாவது மாதம் 21,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கோ ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். ஒவ்வொரு வரம்பும் தனித்தனியே பார்க்கும்போது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் மாதம் 22,000 ரூபாய் வாங்கும் ஒரு மூத்த டர்னரின், அதாவது லேத்தில் கடைசல் வேலை செய்பவரின், குடும்பம் இந்த மூன்றுக்கும் வெளியே நிற்கிறது. நல்ல தனியார் காப்பீடு வாங்க அந்தச் சம்பளம் போதாது. ஓர் அறுவைச் சிகிச்சை வந்தால் அந்தக் குடும்பம் இருபதாண்டுச் சேமிப்பை இழந்து, ஏழைகளுக்கான திட்டத்துக்குத் தகுதி பெற்றுவிடும். விழுந்த பிறகு தாங்குவதைவிட, விழாமல் தாங்குவது அரசுக்கும் செலவு குறைவு. வருமானம் வரம்பைத் தாண்டியதும் உதவி முழுவதையும் அறுத்துவிடாமல், காப்பீட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் குடும்பமே செலுத்தித் திட்டத்தில் தொடரும் வாய்ப்பை மாநில அரசு அளிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஓட்டை இன்னொன்று உண்டு. இ.எஸ்.ஐ. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கும், வருங்கால வைப்புநிதி இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்களுக்குமே கட்டாயம். ஆயிரம் பேர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டு, அதன் தொழிலாளியின் மகன் ஐந்து பேர் கொண்ட பட்டறையில் சேரும்போது, சம்பளம் ஒருவேளை குறையாமல் இருந்தாலும், மருத்துவமும் ஓய்வூதியமும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கூப்பிடு தூரத்தில் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருந்தும், அவர் காப்பீட்டாளராக அதற்குள் போக முடியாது. இ.எஸ்.ஐ.க்கு முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். 18,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி 585 ரூபாயும் தொழிலாளி 135 ரூபாயும் கட்டினால் போதும். சிறு நிறுவனங்கள் தாமாக முன்வந்து சேர 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வழிசெய்திருக்கிறது. அரசு கட்டித்தரும் தொழிற்கூட வளாகத்தில் இடம்பெறும் பட்டறைகள் அனைத்தும் இவ்வாறு சேரவேண்டும் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே விதியாக்கி, முதல் சில ஆண்டுகளுக்கு முதலாளியின் பங்கை மாநில அரசே ஏற்றுக்கொண்டால், ஆலைகளோடு போன பாதுகாப்பு பட்டறைகளுக்குத் திரும்பும். புதிய தொழிற்சாலைகளுக்கு நாம் தரும் சலுகைகளோடு ஒப்பிட்டால் இது பெருஞ்செலவு ஆகாது.

கோவை வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது, அதற்கு எதற்கு மறுவாழ்வு என்று சிலர் வினவக்கூடும். மருத்துவமனைகளும் கல்லூரிகளும் மென்பொருள் அலுவலகங்களும் பெருகியிருப்பது உண்மை. அவற்றால் நகரம் பயனடைந்திருக்கிறது. அந்த வளர்ச்சியின் வெளிச்சத்தில் ஒண்டிப்புதூரும் வரதராஜபுரமும் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் பிரச்சினை. மேலும் இது கோவைக்கு மட்டுமான விண்ணப்பம் அன்று. ஹார்வி சகோதரர்களின் ஆலையைச் சுற்றி எழுந்த விக்கிரமசிங்கபுரமும், பல ஆலைகளின் கதவடைப்பைக் கண்ட மதுரையும், தொழிற்சாலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் மலைபோல் குவிந்த குரோமியக் கழிவால் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்ட இராணிப்பேட்டையும் தத்தம் வகையில் இதே நிலையில் உள்ளவை. 2021ஆம் ஆண்டின் தொழிற்கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்துச் சலுகைகளை வகுத்தது. மாவட்டம் என்பது மிகப் பெரிய அலகு. அதன் சராசரிக்குள் ஒரு நகரமோ, நகரத்தின் ஒரு பகுதியோ மறைந்துபோகும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. லோவெல் முதலான பழைய பஞ்சாலை நகரங்கள் அங்கே நலிந்து கிடந்தபோது, மக்கள்தொகை 35,000 முதல் 2,50,000 வரை இருந்து, குடும்ப வருமானமும் பட்டப்படிப்பு விகிதமும் மாநில சராசரிக்குக் கீழே உள்ள நகரங்கள் எவை என்று சட்டத்திலேயே வரையறுத்தார்கள். இன்று 26 நகரங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. நடுத்தரக் குடும்பங்கள் குடியேறும் வகையில் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்போருக்கு வரிச்சலுகை போன்றவை அவற்றுக்கெனத் தனியே தரப்படுகின்றன. அவர்களுடைய அளவுகோல் நமக்குப் பொருந்தாது. ஆனால் பெயர் சொல்லிப் பட்டியலிட்டால்தான் நிதியும் பொறுப்பும் வந்து சேரும் என்ற நடைமுறை உண்மை எங்கும் பொருந்தும்.

ஆகவே, அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்னதாக, மூடப்பட்ட ஆலைகளின் நிலம் எங்கே எவ்வளவு இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, அங்கே பணியாற்றியோருக்கு வரவேண்டிய பாக்கி என்ன என்பவற்றை நகரவாரியாகத் தொகுத்து ஒரு வெள்ளை அறிக்கையைத் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அதுவரை ஆலை நிலம் எதற்கும் நிலப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வழங்கக்கூடாது. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஐந்து கோவை ஆலைகளைப் பொறுத்தவரை, அவற்றை ஏலம் விடும் எண்ணம் ஒன்றிய அரசுக்கு இருக்குமானால், தொழிலாளரின் நிலுவை முழுவதும் தீர்க்கப்பட்ட பிறகு, மாநில அரசுக்கே முதல் வாய்ப்பு தரவேண்டும் என்று இப்போதே எழுத்துப்பூர்வமாகக் கோர வேண்டும். ஏலம் அறிவிக்கப்பட்ட பின் கோருவதில் பயன் இராது. இம்மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பாராமல் இந்தக் கோரிக்கையில் கையெழுத்திட முன்வருவார்களா என்பதைத் தங்கள் நாளிதழ் ஒவ்வொருவரிடமும் கேட்டு வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஒண்டிப்புதூர், கோயம்புத்தூர்.